நடிகர் இறந்ததற்கு அழும் அம்மா, நெஞ்சடைக்கிறது என்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. பீடி சுற்றுகிறார். சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை உண்டு. அப்பா தவறிய பிறகு, முறத்தை மடியில் வைத்து, செல்போனில் நடிகர் ரோபோ சங்கர் காமெடியை ஓடவிட்டபடிதான் வேலை செய்வார். 2025 செப்டம்பர் 18-ம் தேதி சங்கர் இறந்த செய்தி வந்ததிலிருந்து, மூன்று வாரமாக அழுகை நிற்கவில்லை. ‘நாற்பத்தாறு வயசுல போயிட்டானே’ என்று அதையே சொல்கிறார். தூக்கமில்லை, சாப்பாடும் குறைவு. இரண்டு நாளாக நெஞ்சடைக்கிறது என்கிறார். உறவினர்கள் கேலி செய்கிறார்கள். மனநோயா, டாக்டர்?
- மகன், குடியாத்தம்

பதில்: அழுகையை அப்புறம் பார்ப்போம். இன்றே ஈ.சி.ஜி. எடுங்கள். இந்த வயதில் சர்க்கரையும் பிரஷரும் இருக்கும்போது, ‘அழுது அழுது அப்படி ஆகுது’ என்று நாமே முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பிலும் வலி பெரிதாகத் தெரியாமல் போகலாம். பெண்கள் பலர் முதுகு வலி, தாடை வலி, மூச்சு வாங்குகிறது என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் அதை வாயு என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்! வியர்த்துக் கொட்டினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பஸ் பிடித்து வேலூர் வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

துக்கமே இதயத்தைத் தாக்குவதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்த டகோட்சுபோ என்ற பாதிப்பில், கடும் அதிர்ச்சியால் இதயத் தசையின் ஒரு பகுதி தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. மாரடைப்பு மாதிரியே இருக்கும்; எக்கோவும் ஆஞ்சியோவும் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் ஆரம்ப நாட்களில் ஆபத்து உண்டு.

சரி, அழுகைக்கு வருவோம். மூன்று வார அழுகையை மட்டும் வைத்து மனநோய் என்று சொல்ல மாட்டேன். முன்பின் பார்க்காதவருக்காக அழுவதா என்று கேட்பவர்கள், அந்தக் குரல் உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது என்று யோசிக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு அதுதான் பேச்சுத்துணை. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு மறுபடி முறத்தை எடுத்தவராக இருந்தால், அன்று அழாததும் இப்போது சேர்ந்து வரலாம். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள்.

அந்த ‘நாற்பத்தாறு’ எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. நாற்பதை ஒட்டி இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் பயம் உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். அம்மாவோடு போகும்போதே நீங்களும் பிரஷர், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை செய்து ரிசல்ட்டை அவரிடம் காட்டுங்கள். சங்கர் எதனால் இறந்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கங்களை மட்டும் அவர் காதில் போடாதீர்கள். சங்கருக்கு வைத்தியம் பார்க்காத யாருக்கும், எனக்கும்தான், அதைச் சொல்லும் தகுதியில்லை.

சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டால், சில மாத்திரைகளில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சாப்பாடு குறைந்திருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். பழைய காமெடி பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். படுக்கப்போகும் நேரத்தில் இறுதி ஊர்வல வீடியோக்கள் வேண்டாம்.

இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ காட்டுங்கள். ‘நானும் போயிடறேன்’ என்று பேசினால் ஒருநாள்கூடக் காத்திருக்காமல் கூட்டிப்போங்கள். நடுராத்திரியானாலும் 14416 என்ற டெலி மனஸ் அரசு மனநல உதவி எண்ணில் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்; கட்டணம் கிடையாது.