ராகிக்கு ஆன செலவு வேறு, கார்டில் ஏறிய கடன் வேறு

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது 31. ஒயிட்ஃபீல்டில் வேலை, கைக்கு வருவது 68,000 ரூபாய். ஏழு மாதம் முன்பு பழைய மெட்ராஸ் ரோட்டில் டெம்போ அடித்துப் போட்ட ஒரு நாட்டு நாயை, தெருநாய்களைக் காப்பாற்றும் வாட்ஸ்அப் குழு ஒன்றின் மூலம் ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, வாங்கிக்கொண்டேன். பெயர் ராகி. முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சை செய்தும் பின்னங்கால் இரண்டும் வரவில்லை. சிறுநீரும் தானாகப் போகாது, தினமும் மூன்று வேளை நான்தான் வயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும். குழுவை நடத்தும் அக்கா, "நீ இப்போ கட்டிடும்மா, ஃபண்ட் வந்ததும் போட்டுடறேன்" என்பார். அப்படிக் கட்டிக் கட்டி கார்டு பாக்கி 1,42,000 ஆகிவிட்டது. ஆறு மாதமாக மினிமம் தொகை மட்டும் கட்டி வருகிறேன். 2 லட்சம் பெர்சனல் லோன் எடுத்து அடைத்துவிடலாமா? மியூச்சுவல் ஃபண்டில் 2,10,000 இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. ராகியை முறையாகத் தத்தெடுக்க ஆசை, அண்ணன் திட்டுகிறார். பெட் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? இந்தச் செலவுக்கு வரிச்சலுகை உண்டா? கார்டு ஸ்டேட்மென்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, பெங்களூரு

பதில்: ஸ்டேட்மென்ட்டுகளை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நானும் உங்கள் அண்ணன் கட்சியில் சேர்ந்திருப்பேன்.

ஏழு மாதத்தில் கார்டில் தேய்த்தது ஏறக்குறைய 2 லட்சம். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, நீங்கள் பக்கத்தில் எழுதிவைத்த குறிப்போடு சேர்த்துக் கூட்டினேன். அதில் ராகிக்கு ஆனது 1,31,000. மீதி 69,000 ரூபாய் யாருக்கு? பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த இரண்டு குட்டிகளுக்கு ஒரே நாளில் 9,200, 8,800. காக்ஸ் டவுனில் அடிபட்ட ஒரு நாய்க்கு எக்ஸ்ரேயும் கட்டும். கல்யாண் நகர்ப் பக்கம் இன்னும் மூன்று நாய்கள். நடுவில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பூனை வேறு. இவற்றில் எதையும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, பாதியைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. அக்கா கேட்டார், நீங்கள் கார்டு நம்பரைச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

அக்கா திருப்பித் தந்தது மொத்தம் 54,000. அதாவது மற்ற நாய்களுக்கு நீங்கள் போட்ட 69,000-மே இன்னும் முழுதாக வரவில்லை. ராகிக்கென்று குழுவிடமிருந்து இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை என்றுதான் நான் கணக்கு வைப்பேன். அவர் நேர்மையில்லாதவர் என்று சொல்லவில்லை. அவர் கைக்கு நூறு கோரிக்கை வருகிறது, பணம் பத்துக்குத்தான் வருகிறது. எந்த மருத்துவமனை வாசலில் நின்று கத்துகிறதோ அதற்கு முதலில் பணம் போகும். நீங்கள் கத்துவதில்லை, அதனால் கடைசி.

உங்களை உறுத்துவது ராகியின் செலவு. என்னை உறுத்துவது அதுவல்ல. 43 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டியே இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குக் கைமாற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தக் கந்துவட்டிக்காரரும் இப்படித் தொழில் செய்ய மாட்டார்.

உங்கள் கார்டில் மாத வட்டி 3.6 சதவீதம். 1,42,000-க்கு மாதம் 5,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 900. ஆக 6,000. நீங்கள் போன மாதம் கட்டிய மினிமம் 7,100. அசலில் குறைந்தது 1,100 ரூபாய்தான். அதே மாதம் புதிதாக 9,000-க்குத் தேய்த்திருக்கிறீர்கள். பாக்கி நிற்கும்வரை கார்டில் இலவச நாட்கள் கிடையாது. அந்த 9,000-க்கும் தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. இதுவரை வட்டியாகவும் வரியாகவும் போனது சுமார் 26,000. ராகிக்கு இரண்டு மாதம் முழுதாகச் செலவு செய்யும் பணம் அது.

பெர்சனல் லோன் விஷயத்துக்கு வருகிறேன். செயலியில் காட்டிய 16 சதவீதத்துக்கு 2 லட்சம், மூன்று வருடம் என்றால் தவணை 7,000 சொச்சம், மொத்த வட்டி 53,000. கார்டை விட மலிவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாக்கி 1,42,000 என்றால் மிச்சம் 58,000 எதற்கு? அடுத்து அக்கா அனுப்பும் போட்டோவுக்கு. கார்டும் காலியாகக் கையில் இருக்கும். ஒரு வருடத்தில் லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். வேண்டாம்.

மியூச்சுவல் ஃபண்டைத் தொடுங்கள். அது நல்ல வருடத்தில் 12 சதவீதம் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கார்டு ஒரு மாதம் கூடத் தவறாமல் வட்டி எடுக்கிறது. 1,42,000-க்கு யூனிட்களை விற்று, வரும் பணத்தை அப்படியே கார்டில் கட்டுங்கள். வாங்கி ஒரு வருடம் தாண்டிய பழைய யூனிட்கள்தான் முதலில் கழியும். பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை. 1,42,000-இல் உங்கள் லாபம் அதற்குப் பக்கத்தில் கூட வராது. விற்கும்போது பிடிக்கும் வெளியேறும் கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் அம்மாவிடம் இருக்கும் 6 பவுனை இதற்கு இழுக்க வேண்டாம். நாளைக்கு உங்களுக்கே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அடகு வைக்க அது இருக்கட்டும்.

கட்டிய அன்றே வங்கிச் செயலியில் கார்டு லிமிட்டை 30,000-க்குக் குறையுங்கள். மன உறுதியை நம்பி இதை விடாதீர்கள். அக்கா அழும் குரலில் ஃபோன் செய்தால் உங்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அது கடிதத்திலேயே தெரிகிறது. லிமிட் இல்லை என்று சொல்ல முடியும்.

அக்காவுக்கு ஒரு செய்தி எழுதுங்கள், குரல் செய்தி வேண்டாம். மற்ற நாய்களுக்குப் போட்டதில் வரவேண்டிய 15,000-ஐ நாள் குறிப்பிட்டுக் கேளுங்கள். இனி எந்த நாயாக இருந்தாலும் குழுவே நேராக மருத்துவமனைக் கணக்கில் கட்டட்டும், நீங்கள் கட்டித் திரும்ப வாங்குவது கிடையாது என்று எழுதுங்கள். வண்டி கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உடன் வருகிறேன் என்று சொல்லுங்கள், அதுவும் உதவிதான். ஃபாஸ்டர் என்றால் மருத்துவச் செலவு குழுவுடையது என்பதுதான் பொதுவான வழக்கம். தத்து என்று கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து எல்லாம் உங்களுடையது. அதனால் கையெழுத்துக்கு முன்னால் இந்த 15,000 தீரட்டும். ராகிக்கான 1,31,000-ஐ நான் கேட்கச் சொல்ல மாட்டேன். அவள் உங்களோடுதான் இருக்கப் போகிறாள், அதை மறந்துவிடுங்கள்.

இனி அவளை வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. வாடகை 19,000, ஊருக்கு 12,000, சாப்பாடு, மெட்ரோ, கரண்ட் எல்லாம் 16,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி 8,000 போக உங்களிடம் நிற்பது 13,000. ராகிக்கு இப்போது ஆவதும் அதே 13,000. பிசியோதெரபி 6,000, டயப்பரும் விரிப்பும் 2,200, மருந்து 1,500, சாப்பாடு 2,300, சிறுநீர்ப் பரிசோதனையும் டாக்டர் ஃபீஸும் 1,000. அதாவது கார்டு கடன் இல்லாவிட்டால் அவள் செலவு உங்கள் சம்பளத்துக்குள் அடங்குகிறது! அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எஸ்ஐபியை ஒரு வருடம் நிறுத்தி, அந்த 8,000-ஐ ராகிக்கென்று தனி ஆர்டியில், அதாவது வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பில், போடுங்கள். வருடக் கடைசியில் ஒரு லட்சத்துக்குப் பக்கம் வரும். இது தேவைப்படும். பின்னங்கால் வராத நாய்க்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும், படுக்கைப் புண் வரும். அப்புறம் நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. தீபாவளிக்கு ஆம்பூர் போனால் மூன்று வேளை வயிற்றை அழுத்தி எடுப்பது யார்? சாதாரண நாய்க் காப்பகத்தில் அது தெரியாது, தெரிந்த இடத்தில் நாள் வாடகை கூடுதல். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ மருத்துவமனை உதவியாளருக்கோ இப்போதே சொல்லிக்கொடுத்து, ஒரு தொகை பேசிவையுங்கள். நாட்டு நாய் பன்னிரண்டு பதினைந்து வருடம் இருக்கும், ராகிக்கு இப்போது மூன்றுதான். எத்தனை தீபாவளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்கவும் இடம் இருக்கிறது. பிசியோ பயிற்சிகளில் எதை வீட்டிலேயே செய்யலாம் என்று கேட்டுக் கற்றுக்கொண்டால் வாரம் இரண்டு முறை போவது மாதம் இரண்டாகக் குறையலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் பில் தனியார் மாதிரி இருக்காது. நாய்களுக்கென்று விற்கும் டயப்பருக்குப் பதில் குழந்தை டயப்பரை மொத்தமாக வாங்கி வாலுக்கு ஓட்டை போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர். மருந்துச் சீட்டில் பிராண்டுக்குப் பதில் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான மருந்துகள் சில அரசின் மலிவு விலை ஜன் ஔஷதி கடையில் மிக மலிவு. டாக்டர் எழுதியதை மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும். நம் வீட்டு வலி மாத்திரைகள் நாய்க்கு விஷமாகிவிடும்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் ராகிக்குச் சக்கர வண்டி வாங்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. விலையிலோ பிராசஸிங் கட்டணத்திலோ அது ஒளிந்திருக்கும். பிவிசி பைப்பில் அளவெடுத்துச் செய்து தருபவர்களிடம் கேளுங்கள், கையில் காசு சேர்ந்ததும் வாங்குங்கள்.

பெட் இன்ஷூரன்ஸ் இப்போது பெரிய ஃபேஷன். பாலிசி எடுக்கும் முன்பே இருக்கும் நோய்க்கும் காயத்துக்கும் அதில் பணம் வராது. ராகியின் முதுகு, கால், அதனால் வரும் சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் தள்ளுவார்கள். ஏஜென்ட் எதற்குக் கிடைக்கும் என்று பேசுவார். எதற்குக் கிடைக்காது என்ற பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். பிரீமியத்தை ஆர்டியில் போடுவதே மேல்.

வரிச்சலுகை இல்லை. 80டி என்று சொல்லிவந்த மருத்துவக் காப்பீட்டுச் சலுகை உங்களுக்கும் குடும்பத்துக்கும்தான், நாய்க்குக் கிடையாது. 80ஜி என்று சொல்லிவந்த நன்கொடைச் சலுகைக்கு, பதிவு பெற்ற அமைப்பு, அதன் ரசீது, பழைய வரி முறை மூன்றும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவுக்காக மருத்துவமனையில் தேய்த்த கார்டு பில்லை உங்கள் ஆடிட்டரிடம் கொண்டுபோக வேண்டாம்.