பெரியப்பா விட்டுப்போன வான்வழித் தொல்லியல் படங்களை ஸ்கேன் செய்துவிட்டு அசலை எடைக்குப் போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் மறைந்த பெரியப்பாவின் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. தொல்லியல் ஆர்வத்தில் அவர் சேர்த்தவை. பழைய கோட்டைகள், ஏரிகள், மண்மேடுகளை விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், அகலமான ஃபிலிம் சுருள்கள், நோட்டுகள், டிரேசிங் தாள்கள். பாதிக்கு மேல் ஒரே படம் மாதிரி இருக்கிறது, சுருள்களில் புளித்த வாடை வேறு. மொபைலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?

பதில்:

போடாதீர்கள். ஸ்கேன் செய்த பிறகும் போடாதீர்கள்.

நான் மண்ணடியில் அச்சுக்கு முந்தைய வேலை பார்க்கும் பிராசஸ் கடையில் ஃபிலிமோடு மல்லுக்கட்டிப் பழகியவன். அந்தத் தொழில் படுத்த பிறகு ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஒப்பந்த வேலைகளுக்குப் போனேன், இன்னும் அதுதான் பிழைப்பு. வீடு வியாசர்பாடி. அதனால் ஃபிலிம் தெரியும், வட சென்னையின் புழுக்கம் பரணில் இருக்கும் பெட்டியை என்ன செய்யும் என்பதும் தெரியும்.

முதலில் அந்த "ஒரே படம் மாதிரி" விஷயம். அதைத்தான் எல்லோரும் முதலில் கழித்துக் கட்டுகிறார்கள். விமானத்தின் வயிற்றில் பொருத்திய கேமரா நேர்க்கோட்டில் போகும்போது, முந்தைய படத்தில் விழுந்த நிலத்தில் சுமார் 60 சதவீதம் அடுத்த படத்திலும் விழும்படி எடுப்பார்கள். பக்கத்து வரிசையோடு 30 சதவீதம் போல ஒட்டும். அப்படி எடுப்பது வேண்டுமென்றேதான். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் இடது கண் ஒன்றையும் வலது கண் இன்னொன்றையும் பார்க்கும், மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். கரைந்து தாழ்ந்துபோன கோட்டைச் சுவரை இப்படிப் பார்த்துத்தான் பிடித்தார்கள். இன்றைக்கு அதே ஜோடிகளைக் கணினியில் கொடுத்தால் படம் எடுத்த அன்று நிலம் என்ன உயரத்தில் இருந்தது என்று முப்பரிமாண மாதிரியே கிடைக்கும். அந்த மேட்டை அப்புறம் ஜேசிபி வந்து சமன் செய்திருந்தாலும் உங்கள் பெட்டியில் அது இன்னும் நிற்கிறது. ஜோடியில் ஒன்றை "டூப்ளிகேட்" என்று எறிந்தால் மிஞ்சுவது தட்டையான ஒரு படம் மட்டும்.

ஒன்றுமே இல்லாத வெறும் வயல் மாதிரி தெரிகிற படங்களுக்கும் இதே பேச்சுதான். 1921-இல் பிரிட்டிஷ் விமானப் படை இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் பக்கம் எடுத்த படங்கள் எந்தக் கவனமும் பெறாமல் கிடந்தன. இரண்டு வருஷம் கழித்து ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் என்ற தொல்லியலாளர் அவற்றைப் புரட்டும்போது, அந்தக் கல்வட்டத்துக்குப் போகும் பழைய ஊர்வலப் பாதையின் காணாமல் போன பகுதி மெல்லிய கோடுகளாக வயலில் தெரிந்தது. தோண்டிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. படம் எடுத்தவருக்குத் தெரியாதது பிறகு பார்த்தவருக்குத் தெரிந்தது. மண்ணுக்குள் சுவர் இருந்தால் மேலே மண் ஆழம் குறைவு, பயிர் சீக்கிரம் வாடும். தூர்ந்துபோன அகழி இருந்தால் ஈரம் தங்கும், பயிர் செழிக்கும். தரையில் நின்றால் கண்ணுக்குச் சிக்காத அந்த வித்தியாசம் மேலிருந்து பார்க்கும்போது கோடாகிவிடும். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் இதை எதிர்பார்க்க முடியாது. கோடையில் காயும் புன்செய்யில்தான் வாய்ப்பு. ஒடிசாவின் சிசுபால்கர் மாதிரி கோட்டை மதில் இன்னும் மேடாக நிற்கும் ஊர்களில் அந்தச் சிரமமும் இல்லை. வானிலிருந்து பார்த்தால் சதுரம் பளிச்சென்று தெரியும்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? படங்களிலிருந்து வேண்டாம். நோட்டுகள், உறைகள், படங்களின் பின்பக்கம், டிரேசிங் தாள்கள், பெட்டி மூடியின் உள்பக்கம் ஏதாவது ஒட்டியிருந்தால் அது, இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். இதற்கு மொபைல் தாராளமாகப் போதும், நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் சரி. எந்த விமானப் பயணம், எத்தனையாவது வரிசை, எத்தனையாவது ஃபிரேம், என்ன தேதி, எந்த ஊர் மேலே என்கிற விவரம் அங்கேதான் இருக்கும். அது போய்விட்டால் படம் வெறும் சாம்பல் நிறத் தாள். எங்கே எடுத்தது என்று தெரியாத ஏரிக்கரையை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியில் எந்த வரிசையில் அடுக்கியிருந்ததோ அதையும் கலைக்காமல் படம் எடுத்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள். உங்கள் பெரியப்பா அப்படி அடுக்கியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

இதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. ஓர் அலுவலகத்தின் படங்களை ஸ்கேன் செய்யும் வேலையில் இருந்தேன். ஒரு நாளைக்கு இத்தனை படம் என்று கணக்கு, எண்ணிக்கைக்குத்தான் காசு. பின்பக்கம் ஸ்கேன் செய்தால் அது கணக்கில் வராது. உறைகளில் பென்சிலால் எழுதியிருந்ததைத் தட்டச்சு செய்ய ஆள் ஒதுக்கவில்லை. கோப்புகளுக்கு 0001, 0002 என்று பெயர் போட்டார்கள். உறைகள் மூட்டை கட்டி வெளியே போயின. இன்று அந்தக் கோப்புகள் பத்திரமாக ஒரு சர்வரில் இருக்கின்றன. எது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

புளித்த வாடைக்கு வருகிறேன். அது வினிகர் வாடை. அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் சிதையத் தொடங்கும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்துச் சுருளையும் பிடிக்கும். ஃபிலிமின் அடித்தளம் சுருங்கும், மேலே இருக்கும் ஜெலட்டின் படலம் சுருங்காது, கடைசியில் அப்பளம் மாதிரி நெளிந்து போகும். ஆகவே வாடை வரும் சுருள்களை இன்றைக்கே தனியாகப் பிரித்து, காற்றோட்டமாக வையுங்கள். ஸ்கேன் வரிசையில் அவைதான் முதலில். ஒட்டிக்கொண்ட சுருளை மட்டும் இழுத்துப் பிரிக்காதீர்கள், ஆவணப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சுருளை விளக்குக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஓரம் வழியாக வெளிச்சம் ஊடுருவினால் பாலியஸ்டர், அது நீண்ட நாள் தாங்கும். ஊடுருவாமல் இருண்டிருந்தால் பெரும்பாலும் அசிடேட். ஓரத்தில் "நைட்ரேட்" என்று அச்சிட்டிருந்தால் அது எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. சமையலறை, பூஜை விளக்குப் பக்கமே கொண்டுபோகாமல், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

அப்புறம் பரண். சிமெண்டுத் தளத்துக்கு நேர் கீழே மே மாதம் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கடல் காற்றின் ஈரம் வேறு. அதற்காகத் தரைத்தளத்தில் கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதியில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் நின்றது, எண்ணூர் பக்கம் எண்ணெயும் சேர்ந்தே வந்தது. முதல் மாடியில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு நல்லது. பாச்சை உருண்டை வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். லேமினேஷன் செய்யலாமா என்று யாராவது கேட்டால் அவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். வாடை அடிக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம், அமிலமில்லாத தாள் உறை போதும். ஸ்கேன் முடிந்த அசிடேட் ஃபிலிமை நன்றாக மூடும் இரட்டைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது உலகெங்கும் காப்பகங்கள் கையாளும் வழிதான். ஆனால் வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிமிலேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

ஸ்கேன் செய்வதில் மொபைல் செயலிகள் செய்யும் கெடுதல் என்னவென்றால், அவை உதவி செய்யப் பார்க்கும். ஓரத்தை வெட்டும், கோணலை நிமிர்த்தும், பளிச்சென்று ஆக்கும். உங்கள் ஃபிரேமின் ஓரத்தில்தான் கடிகாரம், உயரமானி, ஃபிரேம் எண், லென்ஸின் குவியத் தூரம் எல்லாம் பதிவாகியிருக்கும். மூலைகளிலும் பக்க நடுவிலும் சின்னக் குறிகள் இருக்கும். படத்தின் அளவுகளைக் கணினி சரிபார்ப்பது அவற்றை வைத்துத்தான். ஆகவே ஓரம் முழுக்க, அதற்கு வெளியே கொஞ்சம் கறுப்பும் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்ய வேண்டும்.

இந்த ஃபிரேம்கள் வழக்கமாக 23 சென்டிமீட்டர் சதுரம். ஃபிலிம் ஸ்கேன் செய்யும் பல மேசை ஸ்கேனர்களில் ஒளி ஊடுருவும் பகுதி 8 அங்குல அகலம்தான், 9 அங்குல ஃபிரேம் உட்காராது. ஏ3 அளவில், ஃபிலிமின் மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சும் ஒளி மூடி உள்ள ஸ்கேனர் வேண்டும். நெகட்டிவை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), 16 பிட் சாம்பல் நிறத்தில் எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 11 ஆயிரம் புள்ளிகள் போல வரும், ஒரு கோப்பு 240 எம்பியை நெருங்கும். 1:10,000 அளவில் எடுத்த படமாக இருந்தால் ஒரு புள்ளி தரையில் சுமார் 21 சென்டிமீட்டர். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் அனுப்பிக் காட்டுவதற்கு மட்டும். பயிரில் தெரியும் அந்த மெல்லிய சாம்பல் வித்தியாசத்தைத்தான் ஜேபெக் சுருக்கும்போது முதலில் தின்னும். தானியங்கி கான்ட்ராஸ்ட், கூர்மையாக்குதல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி கறுப்பு வெள்ளை வெள்ளி ஃபிலிமில் வேலை செய்யாது, அதையும்தான்.

அச்சுப் படங்களை வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பெரியப்பா மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார், அது சிவப்பா நீலமா என்பதற்கும் அர்த்தம் இருக்கலாம். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

ஊர் தெரியாத படங்கள் மிஞ்சும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தலாம். கோயில் குளத்தின் மூலைகள், ரயில் பாதை வளைவு, பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலம் என்று அசையாத இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய இந்திய நிலப்பட அளவுமுறை வேறு, இன்றைய ஜிபிஎஸ்ஸின் முறை வேறு. இரண்டையும் மாற்றாமல் கலந்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளி விழும். பொருத்தியது எப்போதும் நகல் கோப்பாகவே இருக்கட்டும், மூல ஸ்கேனைத் தொட வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு புதையலும் இருக்கிறது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா அனுப்பிய கொரோனா உளவு செயற்கைக்கோள்கள் ஃபிலிமில் படம் எடுத்து, பெட்டகத்தில் வைத்துப் பாராசூட்டில் கீழே விடும், அதை விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை வெளியிட அனுமதித்தார்கள். அமெரிக்க நிலவியல் துறையின் தளத்தில் தேடலாம், ஒருவர் காசு கட்டி ஸ்கேன் செய்ததை மற்றவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய நிலத்தைப் பார்க்க நமக்கு இருக்கும் வழிகள் குறைவு. கொசஸ்தலையாற்றை மேலே பிடித்துக்கொண்டு போனால் அத்திரம்பாக்கம், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகள் கண்ட இடம். முன்னொரு காலத்தில் பாலாறே இந்தப் பக்கம் ஓடியது என்று புவியியலாளர்கள் சொல்வார்கள். அந்தப் பழைய ஆற்றுத் தடங்கள் ஃபேக்டரியும் சாம்பல் குட்டையும் வருவதற்கு முந்தைய படங்களில் தெரிந்தால்தான் உண்டு. உங்கள் பெட்டியில் இந்தப் பக்கத்துப் படங்கள் இருந்தால் அவற்றின் மதிப்பே வேறு.

கோப்புகளை மூன்று பிரதி வையுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். மதுரையில் தங்கை இருந்தால் அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் போகட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எண் (கோப்பில் ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்து வருஷத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள், கோப்பு கெட்டுப்போனதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சிடியை நம்பாதீர்கள். 1986-இல் பிபிசி லேசர் டிஸ்கில் ஏற்றிய டோம்ஸ்டே தகவல் தொகுப்பைப் படிக்கப் பதினைந்து இருபது வருஷத்தில் கருவியே அரிதாகிவிட்டது. அதற்குப் பெயர் கொடுத்த, 1086-இல் தோலில் எழுதிய இங்கிலாந்தின் நிலக் கணக்கெடுப்பான மூல டோம்ஸ்டே ஏடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அசலைப் போடாதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகவும்தான்.

கடைசியாக, படங்களின் மேல் ரகசியம், கட்டுப்பாடு என்று ஏதாவது முத்திரை இருந்தால் இணையத்தில் ஏற்ற வேண்டாம். 2021-க்குப் பிறகு நிலப்படத் தகவல்களுக்கான விதிகள் தளர்ந்திருக்கின்றன என்றாலும், அந்தப் படம் ஓர் அலுவலகத்தின் சொத்தாக இருக்கலாம், முதலில் விசாரியுங்கள். தோண்டாத மேடுகளின் துல்லியமான இருப்பிடத்தையும் பொதுவில் போடாதீர்கள், புதையல் தேடுகிறவர்களும் இணையத்தில்தான் இருக்கிறார்கள். அசலை யாரிடமாவது கொடுக்க நினைத்தால் மாநிலத் தொல்லியல் துறை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறை, தரமணி ரோஜா முத்தையா நூலகம் என்று கேட்டுப் பார்க்கலாம். நோட்டுகளையும் படங்களையும் பிரிக்காமல் சேர்த்து வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். படங்கள் மட்டும் போதும், நோட்டு வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

சுருள்களின் ஓரத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று கீழே கருத்தில் எழுதுங்கள். ஏ3 ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கும் இடம் பாரிமுனைப் பக்கம் இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன்.