ஆட்டு ஊசி மாட்டுக்குக் கேட்குமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் இரண்டு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். தோல் கழலை நோய் வராமலிருக்க டாக்டர் ஆட்டம்மை ஊசி போட்டுவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். போன சித்திரையில் சேலத்தில் அவர் கடையில்தான் கோமாரி (கால், வாய்ப்புண் நோய்) ஊசி வாங்கி, மஞ்சப்பையில் பத்திரமாக பஸ்ஸில் கொண்டுவந்து போட்டேன். இரண்டே மாதத்தில் ஒரு பசுவுக்கு வாய்ப்புண், நுரை. மாட்டு மருந்தே கேட்காதபோது ஆட்டு மருந்து கேட்குமா? எதிர்ப்புச் சக்திக்குக் கடைக்காரர் சொல்லும் டானிக் கொடுக்கலாமா?

பதில்: ஆட்டு மருந்து கேட்கும். ஆட்டம்மையும் தோல் கழலையும் பங்காளி வைரஸ்கள். ஒன்றைப் பார்த்துப் பழகிய உடம்பு, முகச்சாடையை வைத்தே மற்றதையும் மடக்கிவிடும். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆட்டுக்குப் போடும் அளவு மாட்டுக்குப் போதாது. அது டாக்டருக்குத் தெரியும்.

கோமாரி அப்படியில்லை. பெயர் ஒன்று, வகை ஏழு. ஓ வகை வந்து தேறிய மாட்டை ஏ வகை மறுபடி படுக்கவைக்கும். ஒருவர் ரேஷன் கார்டுக்கு இன்னொருவர் அரிசி வாங்க முடியாது. அதனால்தான் நம் நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஏசியா-1 மூன்றையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

அதெல்லாம் இருக்கட்டும். மஞ்சப்பையில் 'பத்திரமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். சித்திரை வெயில், பஸ், துணிப்பை! கோமாரி ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். சூடு பட்டால் உள்ளே இருக்கும் வைரஸ் துகள் சில்லுச் சில்லாக உடைந்துவிடும். சில்லைப் பார்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பு, முழு வைரஸ் வரும்போது அதைச் சரியாகப் பிடிக்காது. பாட்டிலைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்காக ஃப்ரீசரில் போட்டு உறைய வைப்பவர்களும் உண்டு, அதுவும் கெடுதிதான்.

ஐஸ் டப்பா கொண்டு வந்தீர்களா என்று கேட்காமல் தடுப்பூசியை எடுத்து நீட்டுகிறவரை நான் மருந்துக்கடைக்காரர் என்றே சொல்ல மாட்டேன். ஊசி கெட்டதற்கு டானிக் விற்கிறார், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடுங்கள்.

கோமாரி ஊசியை அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்; 6 மாதத்துக்கு ஒருமுறை விடாமல் போடுங்கள். முதன்முறை போடும் கன்றுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்றும் வேண்டும். அப்புறம், கொங்கணாபுரம் சந்தையில் புது மாடு பிடித்தால் ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி.