டீச்சரிடம் கேளுங்கள்: கறிவேப்பிலைப் புழுவும் வெள்ளைக் கரப்பானும்

(பதில் சொல்பவர்: கும்பகோணம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 31 வருடம் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை)

என் மகளுக்கு ஆறு வயது. பூச்சி என்றாலே அலறுகிறாள். அவளுக்குப் பூச்சிகளைப் பற்றி எங்கிருந்து சொல்லித் தரத் தொடங்குவது?
– ஒரு அம்மா, பெரம்பலூர்

வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? மாடித் தொட்டியில் இருந்தாலும் போதும். கொழுந்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கடுகை விடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரே ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தால், அது கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் முட்டையாக இருக்கலாம். எலுமிச்சை அழகியும் இதே செடிக்கு வரும். மூன்று நான்கு நாளில் புழு வந்துவிடும்.

மகளைத் தொடச் சொல்லாதீர்கள், பெயரும் சொல்லாதீர்கள். "இது என்னடி, காக்கா எச்சமா?" என்று மட்டும் கேளுங்கள். சின்னப் புழு அச்சு அசலாக எச்சம் மாதிரிதான் இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? நாலு முறை தோலுரித்த பிறகு அதுவே பச்சைப் பசேலென்று ஆகிவிடும். அப்போது ஒரு ஈர்க்குச்சியால் முதுகில் லேசாகத் தட்டுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று துருத்திக்கொண்டு வரும், கூடவே நாரத்தங்காய் அழுகின மாதிரி ஒரு வாடை. அலறுகிற பிள்ளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிக்கும். இத்தனை வருடத்தில் இந்த வித்தை என்னைக் கைவிட்டதில்லை.

பிறகு கால்களை எண்ணச் சொல்லுங்கள். பதினாறு என்பாள். "புத்தகத்தில் ஆறு என்று போட்டிருக்கிறதே?" என்று நீங்களே மல்லுக்கு நில்லுங்கள். தலையை ஒட்டி, கூர்மையாக இருக்கிற ஆறுதான் நிஜக்கால். பின்னால் இருக்கும் பத்தும் வெறும் சதைக் குமிழ்கள். கிளையைப் பற்றிக்கொள்ளத்தான் அவை. பட்டாம்பூச்சியாகும்போது காணாமல் போய்விடும். தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம், மார்பில்தான் காலும் இறக்கையும் என்கிற பாடமெல்லாம் இறக்கை வந்த பிறகு தானாக வரும்.

வளர்ப்பதானால் வாய் அகன்ற டப்பா, மேலே கொசுவலைத் துண்டு. தினமும் புது இலை போட வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம், மருந்து அடித்ததாக இருந்தால் புழு செத்துப்போகும். உள்ளே ஒரு குச்சியைச் செங்குத்தாக வையுங்கள். புழு அதில் ஏறி, பனையேறி இடுப்புக்கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல, தானே நூற்ற நூலில் சாய்ந்தபடி கூட்டுப்புழு ஆகும். அதன்பிறகு ஒரு வாரம், பத்து நாள்.

குச்சி எதற்கு என்று தெரியாமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஊறுகாய் பாட்டிலில் வைத்துவிட்டு, வளர்ந்தால் சரி என்று இருந்துவிட்டேன். பட்டாம்பூச்சி வெளியே வந்தது. ஆனால் வெளியே வந்த கையோடு அது எதையாவது பிடித்துத் தொங்க வேண்டும், உடம்பிலுள்ள நீரை இறக்கை நரம்புகளுக்குள் ஏற்றி விரிக்க வேண்டும். வழுக்குகிற கண்ணாடியில் அதற்கு வழியில்லை. இறக்கை கசங்கின காகிதமாகவே காய்ந்துபோயிற்று. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவன் கோபம் நியாயம்தான்.

(கம்பளிப்பூச்சி வேண்டவே வேண்டாம். அரிப்பெடுத்தால் அலறல் இரட்டிப்பாகிவிடும்.)

நானும் பேரனும் எலுமிச்சைப் புழு வளர்த்தோம். கூட்டுப்புழுவில் சின்னதாக ஓட்டை விழுந்து, பட்டாம்பூச்சிக்குப் பதிலாக எறும்பு அளவில் நிறையப் பூச்சிகள் பறந்து வந்தன. பேரன் அழுதுவிட்டான். எங்கே தவறு செய்தோம்?
– ஒரு தாத்தா, தென்காசி

தவறு எதுவும் இல்லை ஐயா. வந்தவை குளவிகள். குளவி என்றால் நம் கண்ணுக்கு வருவது சுவரில் மண் கூடு கட்டுகிற பெரிய ஆள், ஆனால் அரிசி முனை அளவுக் குளவிகளும் ஏராளம். புழு கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும் அந்தச் சில மணி நேரம் அதன் மேல்தோல் மெத்தென்று இருக்கும். தாய்க் குளவி அதற்காகவே புழுவின் அருகில் காத்திருந்து முட்டையைச் செலுத்திவிடும். குளவிக் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியேறும். அடுத்த முறை சன்னமான துணியால் மூடுங்கள்.

பேரனிடம் பட்டாம்பூச்சி செத்துப்போச்சு என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கரும்பு போடுகிறவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அழைத்துப் போய் 'முட்டை ஒட்டுண்ணி அட்டை'யைக் காட்டுங்கள். டிரைக்கோகிரம்மா என்கிற, இதைவிடவும் பொடிக் குளவியை அட்டையில் கொண்டுவந்து கரும்புத் தோகையில் கட்டிவிடுவார்கள். அது தண்டுத் துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். உங்கள் டப்பாவில் வில்லனாக வந்த சாதி, அங்கே காசு கொடுத்து வாங்குகிற வேலையாள். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். சின்ன வயதுக்கு அது கொஞ்சம் கனமான கேள்விதான், ஆனால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் வெள்ளைக் கரப்பான்பூச்சி பார்த்தேன். அம்மா நம்பவில்லை.
– ஐந்தாம் வகுப்பு மாணவன், சிவகாசி

நான் நம்புகிறேன் தம்பி. நமக்கு எலும்பு உள்ளே, அதற்கு ஓடு வெளியே. நீ வளர்ந்தால் சட்டை பத்தாது, அல்லவா? அதற்கும் பத்தாது. முதுகுப் பக்கம் ஓடு வெடித்து, புது உடம்போடு வெளியே வரும். அப்போது வெள்ளையாக, வேகவைத்த சேமியா மாதிரி மெத்தென்று இருக்கும். சில மணி நேரத்தில் இறுகிப் பழுப்பாகிவிடும், அதனால்தான் அம்மா வந்து பார்க்கும்போது காணோம். பக்கத்தில் காலி ஓடு கிடந்ததா என்று தேடு. கிடைக்காவிட்டால் அதையும் அதுவே தின்றிருக்கலாம். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

சிலந்தி பூச்சி இல்லையாமே?
– ஒரு வாசகர், அரக்கோணம்

'எட்டுக்கால் பூச்சி' என்று பெயர் வைத்தவரே பாதி விடையைச் சொல்லிவிட்டார். ஆறு கால் இருந்தால்தான் பூச்சி. ரயில்பூச்சி என்று பிள்ளைகள் சொல்லும் மரவட்டை, பூரான், தேள் எல்லாமே வேறு கட்சி. மூட்டைப்பூச்சி மட்டும், இறக்கை இல்லாவிட்டாலும், அசல் பூச்சி.

வகுப்பில் கொசுப்புழு வளர்த்துக் காட்டலாமா? டெங்கு பயம் இருக்கிறது.
– ஆசிரியை, மதுரை

காட்டலாம், ஆனால் நாள் கணக்கு தவறக் கூடாது. கண்ணாடிக் குவளையில் தண்ணீரோடு எடுத்து, வலையை ரப்பர் பேண்டு போட்டு இறுக்குங்கள். புழு ஏன் தலைகீழாகத் தொங்குகிறது என்று கேளுங்கள். வாலில் உள்ள குழாய் நீர்மட்டத்தைத் தொட்டிருப்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். மூக்கு வாலில் இருக்கிறது என்று அதுவே கத்தும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது, உடம்பிலுள்ள துளைகளும் குழாய்களும்தான் மூச்சு. அதன்பின் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காட்டினால், தேங்கின நீரில் எண்ணெய்ப் பந்து போடுகிறார்களே, அது எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

எண்ணெய் விடாத குவளை ஒன்றையும் வைத்தால் தினமும் காலையில் பாருங்கள். காற்புள்ளி வடிவத்தில் உருண்டு நீந்துகிறது என்றால் அது கூட்டுப்புழு, இரண்டே நாளில் கொசு. அன்றைக்கே குவளையைத் தூக்கிப்போய் வெயில் காயும் மண்ணில் கவிழ்த்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள், அங்கே அது பிழைத்துக்கொள்ளும்.