மக்களின் நலவாழ்வை அளந்து, அதை வைத்து ஓர் அரசு கொள்கை வகுக்க முடியுமா?

முடியும். ஆனால் அந்த அளவீட்டுக்கு ஒரு திட்டத்தைத் தடுத்து நிறுத்துகிற பலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கெடுத்த தாள் அலமாரிக்குத்தான் போகும்.

நான் மதுரையில், வைகைக்கு வடகரையில் இருக்கிறேன். கோடையில் தண்ணீர் லாரி வருகிற நாளில் எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். எது யாருடையது என்று தெரிய, கழுத்தில் கலர் துணி கட்டியிருப்பார்கள். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே உட்கார்ந்து பூக்கட்டுவார். மடியில் மல்லிகையும் நாரும், கண் தெருமுனையில். குடிக்கத் தனியாக இருபது லிட்டர் கேன் வாங்குவார். கேனுக்குக் கொடுத்த காசு, லாரி வாடகை எல்லாம் நாட்டின் மொத்த உற்பத்தியில் சேரும். அவர் காத்திருந்த நேரம் சேராது. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் கேன் விற்பனை படுத்து, அந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும்! தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே, வருமானத்தை வைத்து மக்கள் நலத்தை முடிவு செய்யாதீர்கள் என்று 1934-லேயே எச்சரித்தார்.

பூடானைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ என்ற பெயரில் அங்கே மக்கள் நலத்தை அளக்கிறார்கள்: 9 துறைகள், 33 குறியீடுகள். தூக்கம், வேலை நேரம், அக்கம்பக்கத்தார் மீதுள்ள நம்பிக்கை வரை கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, புதிய கொள்கைகளை அந்த அளவுகோலில் வைத்துச் சலிக்கிறார்கள் என்பது. உலக வர்த்தக அமைப்பில் சேரும் யோசனை அந்தச் சல்லடையில் தேறவில்லை.

ஆனாலும் பூடானைக் கோயிலாக்க வேண்டாம். அந்த 33-ஐயும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த மகிழ்ச்சிக் குறியீடு 2015-ல் 0.756 ஆக இருந்தது, 2022-ல் 0.781 ஆக உயர்ந்தது. அதே காலத்தை ஒட்டித்தான் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். 1990-களில் நேபாளி பேசும் மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அந்த நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நாட்டிலேயே இல்லாதவர்களிடம் யார் போய்க் கேள்வித்தாள் நீட்டுவது? யாரைக் கேட்கிறோம், யாரை விடுகிறோம் என்பதில்தான் ஆட்சியாளரின் நேர்மை தெரியும்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் அப்போது நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் குடிநீர்த் திட்டத்தை வெறும் குழாய் நீளத்தால் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நல்ல உதாரணமும் மதுரையிலேயே உண்டு. பள்ளிக் குழந்தைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இங்கேதான் தொடங்கியது. காலையில் பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளையை அரசு கணக்கில் எடுத்ததால் வந்த திட்டம் அது.

மாநகராட்சியில் 100 வார்டுகள் இருக்கின்றன. பட்ஜெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வார்டிலும் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரம், ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆகும் நேரம், இரவில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிற தெருக்கள் ஆகிய மூன்றையாவது கேட்டு, மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் வாசிக்கலாம். அப்புறம், மோசமாக வந்த வார்டுகளுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால், ஏன் என்று மேயர் அதே சபையில் எழுத்தில் பதில் தர வேண்டும்.