கிளை அலுவலகங்களைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்க எந்த ரூட்டர் வாங்கலாம், எப்படி அமைக்கலாம்?

கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரத்தில் கிளைகள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கணினிகள், டேலி கணக்கு மென்பொருள், கேமராக்கள். கிளைகளில் நெட்வொர்க் தெரிந்தவர் யாரும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரூட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தக் கடைசி வரியை வைத்துத்தான். ஆறு கணினிகளுக்கு இன்று எந்த ரூட்டரின் வேகமும் போதும். கரண்ட் போய் வந்தாலும் லைன் அறுந்தாலும் யாரும் தொடாமல் தானாக மீண்டும் இணைகிறதா, நீங்கள் கோவையில் உட்கார்ந்தபடி அதைச் சரிசெய்ய முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் பெட்டி இதற்கு உதவாது. அதை பிரிட்ஜ் மோடுக்கு (லைனை மட்டும் கடத்தி, ரூட்டர் வேலையைச் செய்யாத நிலைக்கு) மாற்றச் சொல்லிவிட்டு, பின்னால் உங்கள் ரூட்டரை வையுங்கள். இந்த அளவுக்கு நான் பரிந்துரைப்பது மைக்ரோடிக் ஹெக்ஸ். ஐந்து கிகாபிட் போர்ட்டுகள் உண்டு, இரண்டு இணைய லைன்களைச் செருகலாம், அதன் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் 7 முதல் வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலகங்களை இணைக்கும் மறைகுறியாக்கிய பாதை, இதையே டனல் என்றும் சொல்வார்கள்) உள்ளேயே வருகிறது. வைஃபை கிடையாது, அதற்குத் தனி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பெட்டி) வைப்பதே நல்லது. இணையதள வடிகட்டல், வைரஸ் சோதனை எல்லாம் ரூட்டரிலேயே வேண்டுமென்றால் ஃபோர்ட்டிகேட் என்ற ஃபயர்வால் பெட்டியின் பக்கம் போகலாம், ஆனால் அந்த வசதிகளுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்.

வாங்குவதற்கு முன் தலைமை அலுவலக லைனைப் பாருங்கள். ரூட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்குள்) இருக்கிறீர்கள், வெளியிலிருந்து யாரும் உங்களை அழைக்க முடியாது. கோவைக்கு மட்டும் ஒரு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்குங்கள். கிளைகளுக்குத் தேவையில்லை, அங்கிருந்து கோவையை அழைத்தால் போதும். கிளைப் பக்கத்தில் வயர்கார்டின் கீப்அலைவை (இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சிறு செய்தியை) 25 வினாடி என்று வைத்தால் நடுவில் இருக்கும் நாட் (முகவரி மாற்றும் கருவி) அந்த இணைப்பை மறக்காது. அப்புறம் அப்லோட் வேகம். கிளைகள் கோவையிலிருந்து இழுப்பதெல்லாம் கோவையின் அப்லோட் வழியாகத்தான் போகிறது. ஆகவே அங்கே டவுன்லோட் எவ்வளவு என்பதைவிட அப்லோட் எவ்வளவு என்று கேட்டு பிளான் எடுங்கள்.

ஐபி எண்களை முதல் நாளே திட்டமிடுங்கள். பல ரூட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்றும், மைக்ரோடிக் 192.168.88 என்றும்தான் வரும். இரண்டு கிளைகளில் அதே வரிசை இருந்தால் விபிஎன் குழம்பிவிடும். கோவைக்கு 10.10.0, பொள்ளாச்சிக்கு 10.20.0 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரண்டாவது லைன். ஃபைபரோடு ஒரு 4ஜி சிம் ரூட்டரும் வையுங்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: தெருவில் ஃபைபர் அறுந்தாலும், ஃபைபர் பெட்டிக்கும் உங்கள் ரூட்டருக்கும் நடுவே உள்ள கேபிளில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரூட்டர் லைன் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். 1.1.1.1 போன்ற வெளி முகவரிக்கு அந்த லைன் வழியாகவே பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) போகிறதா என்று சோதித்து, போகாவிட்டால் 4ஜிக்கு மாற வையுங்கள். வயர்கார்டில் கிளையின் ஐபி மாறினாலும் கோவைப் பக்கம் தானாகப் புரிந்துகொள்ளும். இதற்காகவே எனக்கு இது ஐபிசெக் என்ற பழைய விபிஎன் முறையைவிடப் பிடிக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. வயர்கார்டு ஒவ்வொரு முறை இணையும்போதும் நேர முத்திரை அனுப்பும். அது முந்தையதைவிடப் பழையதாக இருந்தால் மறுமுனை ஏற்காது. சிறிய ரூட்டர்களில் பலவற்றில் கடிகார பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னால் போய்விட்டால் டனல் எழாது. என்டிபி (இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) தரும் நேரம் டனலுக்கு வெளியே, நேராக இணையத்திலிருந்து வர வேண்டும். சின்ன யூபிஎஸ் ஒன்றும் அவசியம்.

பிங் போகிறது, ஆனால் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியூ-வை (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அதிகபட்ச பைட் அளவை) பாருங்கள். வயர்கார்டில் வழக்கமாக 1420 இருக்கும். 4ஜியில் சில இடங்களில் அதுவும் பெரிது. 1380-க்கு இறக்கி, டிசிபி எம்எஸ்எஸ்-ஐயும் (பொட்டலத்துக்குள் இருக்கும் தரவின் அளவு வரம்பை) அதற்கேற்பக் குறைத்துப் பாருங்கள்.

டேலி கோப்பை விபிஎன் வழியாகத் திறக்காதீர்கள், மெதுவாகத்தான் இருக்கும். கோவைக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து அந்தக் கணினியின் திரையை இயக்கும் வசதி) போட்டு அங்கேயே ஓடவிடுங்கள். யூடியூபும் மெயிலும் கிளையின் லைனிலேயே நேராகப் போகட்டும்.

மைக்ரோடிக் ரூட்டரை அமைக்கும் செயலியான வின்பாக்ஸின் 8291 போர்ட்டையும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐயும் இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. 2018-ல் வெளியான வின்பாக்ஸ் ஓட்டை வழியாக உலகம் முழுக்க ஏராளமான மைக்ரோடிக் ரூட்டர்கள் பறிபோயின. இவற்றையெல்லாம் டனலுக்குள்ளிருந்து மட்டும்தான் திறக்க வேண்டும். தொலைவிலிருந்து எதை மாற்றினாலும் சேஃப் மோடில் மாற்றுங்கள். இணைப்பு அறுந்தால் மாற்றம் தானாகத் திரும்பிவிடும்.

கடைசியாக, அதே மாடலில் ஒன்று கூடுதலாக வாங்கி, ஒவ்வொரு கிளையின் கன்ஃபிக் (ரூட்டர் அமைப்புகள்) கோப்பையும் கோவையில் வைத்திருங்கள். பழுதானால் அந்தக் கிளையின் கோப்பை ஏற்றி பஸ் பார்சலில் அனுப்பலாம். கேபிள்களில் நிற டேப் ஒட்டியிருந்தால், “அண்ணா, சிவப்பு ஒயரை முதல் ஓட்டையில செருகுங்க” என்று போனிலேயே சொல்லிவிடலாம்.