பார்சர் என்றால் என்ன? சொந்தமாக நிரல்மொழி எழுத அது ஏன் தேவை?

நாம் எழுதும் நிரல் கணினிக்கு ஒரு நீண்ட எழுத்து வரிசைதான். அதில் எது எதோடு சேரும் என்று பார்த்து, கிளைவிட்ட மரமாக அடுக்கித் தரும் பகுதியே பார்சர்.

கோப்பிக்கடையில் “ரெண்டு தே, ஒரு கோப்பி ஓ, பெங்” என்று சொல்லிப் பாருங்கள். தே என்றால் தேநீர், கோப்பி ஓ என்றால் பாலில்லாக் கோப்பி, பெங் என்றால் ஐஸ் போட்டது. அந்த ஐஸ், கோப்பிக்கு மட்டுமா, மூன்றுக்குமா? கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கணினி கேட்காது. அதனால் எது எதோடு ஒட்டும் என்ற விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதுதான் அந்த மொழியின் இலக்கணம்.

2 + 3 * 4 என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் அதை ஐந்து துண்டாக வெட்டுவோம். அப்புறம் மரம்: உச்சியில் +, இடக்கிளையில் 2, வலக்கிளையில் *, அதன் கீழே 3, 4. கீழிருந்து கணக்குப் போட்டால் 14. தவறிப்போய் * உச்சிக்கு வந்தால் 20 ஆகிவிடும்!

எழுதுவது நினைப்பதைவிடச் சுலபம். கூட்டலுக்கு ஒரு ஃபங்ஷன், பெருக்கலுக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று. கூட்டல் பெருக்கலை அழைக்கும், பெருக்கல் எண்ணை அழைக்கும். பெருக்கலுக்கு முன்னுரிமை தானாகவே வந்துவிடும். பார்சரை உருவாக்கித் தரும் பைசன் போன்ற கருவிகளும் உண்டு. ஆனாலும் முதல் பார்சரைக் கையால் எழுதுங்கள் என்பேன். சி++ போன்ற மொழிகளில் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஜிசிசி என்ற பெரிய மென்பொருளே 2004இல் தன் சி++ பார்சரைக் கையால் எழுதியதாக மாற்றிக்கொண்டது.

பார்சர் பிழை காட்டவில்லை என்றால் நிரல் சரி என்று பலர் நினைக்கிறார்கள். 5 / 0 என்ற வரியையும் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அது அமைப்பைத்தான் பார்க்கிறது, விடையை அல்ல.